என் தங்கையின் ஒரே சொல்

என் தங்கைக்கு மூன்று வயது முடிந்தும் ஒரே ஒரு சொல்தான் வந்தது. அது ‘ஓடு’.

அப்பாவுக்குச் சிவகாசியில் லாரி புக்கிங் வேலை. பட்டாசுப் பெட்டிகள் வெளியூர் போகிற சீசனில், வீட்டுக்கு வந்தாலும் அவர் காதைவிட்டுப் போன் இறங்காது. “லோடு ஏத்தியாச்சா? லோடு கெளம்பிருச்சா?” இதையே கேட்டு வளர்ந்தவள், முதலில் வரும் ‘ல்’லை விழுங்கிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டாள். இரண்டு கையையும் உயர்த்தி ‘ஓடு’ என்றால் தூக்கு. தட்டைத் தள்ளி ‘ஓடு’ என்றால் இன்னும் கொஞ்சம் சோறு. வாசலைப் பார்த்துச் சொன்னால் அப்பா வருகிறார். லோடு என்றால் ஏற்றுவது, இறக்குவது, வருவது, போவது. அந்த வரையில் அவள் யோசனை சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள்தான் தங்களை ஓடச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

ஏழு வயதில் எனக்கு இது முழுநேர உத்தியோகம். அவள் வாயை மூடுவதற்குள் நான் விளக்கம் சொல்லிவிடுவேன். சில நாள் அவள் வாயைத் திறப்பதற்குள்ளேயே. அந்தப் பதவியில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அம்மாவுக்கு அந்தப் பெருமை இல்லை. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப் போனபோது, பேரென்ன என்றதற்கும் தங்கை ‘ஓடு’ என்றாள். பேச்சு வந்ததும் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தெருவில் யாரோ ஊமை என்றது அம்மா காதிலும் விழுந்தது. விருதுநகரில் ஒரு டாக்டரிடம் போனோம். காது நன்றாகக் கேட்கிறது என்றார். பிறகு, “வீட்ல இவளுக்குப் பதிலா யாரு பேசுறீக?” என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். ஏதோ பரிசு தரப்போகிறார் என்று நினைப்பு.

கிடைத்தது சாத்தூர். காலாண்டு லீவு விட்டதும், “சித்தி தனியா கெடந்து கஷ்டப்படுறா, பத்து நாளு அங்கன இருந்துட்டு வா தாயி” என்றாள் அம்மா. தங்கைக்கு இனி யார் விளக்கம் சொல்வது என்பதுதான் என் கவலை. அப்பா கொண்டுவந்து போட்டிருந்த பட்டாசு லேபிள் ஒன்றின் வெள்ளைப் பக்கத்தில், ‘ஓடு’ என்பதன் எட்டு அர்த்தங்களையும் நம்பர் போட்டு எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். “இதுல இருக்கபடி செய்யும்மா. இல்லாட்டி அழுவா.” அம்மா முழுவதும் படித்தாள்.

சாத்தூரில் சித்தி காராச்சேவும் டிவியுமாக நன்றாகவே இருந்தாள். கஷ்டம் எதையும் நான் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது தங்கை வாசலில் நின்றாள். “அக்கா வந்துட்டா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். பிறகு என்னிடம் கையை உயர்த்தி, “தூக்கு” என்றாள். நான் அழுதுவிட்டேன். “பாசத்தப் பாரு” என்றார் அப்பா. எனக்கோ வேலை போன துக்கம்.

லேபிள் அடுப்படியில் அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. என் எட்டு அர்த்தங்களுக்குக் கீழே அம்மா கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: ‘9. அக்கா எங்கே?’

புரிந்தாலும் புரியாத மாதிரி இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பத்து நாளும் தங்கை ‘ஓடு’ என்று அழுதபோதெல்லாம், அர்த்தம் தெரிந்தே அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த ஒன்பதாவது அர்த்தத்தில் தங்கை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா தப்பாக எழுதிவிட்டாள் என்று தீர்மானித்து, பென்சிலை எடுத்து அதை அடித்துவிட்டேன்.