தறிக்குழியில் இங்கிலீஷ்

இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கும் சகோதரர்களே, வார்த்தைக்கு அர்த்தம் சொல்வது சுலபம். அது மறுநாள் காலைவரை மாணவன் மண்டையில் தங்கவைப்பதுதான் நம் பாடு.

எனக்குப் பிள்ளையார்பாளையத்தில் கிடைத்த மாணவர் ஏகாம்பரம், பட்டு நெசவாளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் இரண்டு தடவை தவறியவர். இந்தத் தடவை தேறினால் நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா வேலை. தவறினால் அது வேறொருவருக்கு. அவருக்கோ தறியை விட்டு எழ நேரமில்லை. அவர் நெய்வார், நான் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து பாடம் சொல்வேன். ஒன்றும் தங்கவில்லை. கதை கேட்டே வளர்ந்தவன் நான். வார்த்தைக்கு ஒரு கதை சொல்லிப் பார்த்தேன்.

ஷட்டில்

"ஊடை நூலைக் குறுக்கே இழுத்துக்கிட்டுப் போக நீங்க தள்ளுற நாடாதான் இங்கிலீஷ்ல ஷட்டில். இப்படியும் அப்படியும் ஓயாம போய்வர்றதால ரயிலுக்கும் அதே பேரு" என்றேன். தறி நின்றது. ஒரு வார்த்தை அவருக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

"அப்போ வாலாஜாபாத் ஷட்டில்ல ஊடை நூலு நாமதானா மாஸ்டர்?"

ஸ்பின்ஸ்டர்

உற்சாகத்தில் மறுநாள், நூல் நூற்பவளைக் குறித்த ஸ்பின்ஸ்டர் கல்யாணமாகாதவளுக்குப் பெயரான கதையைச் சொன்னேன். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி கன்னியம்மா நிமிர்ந்தார்.

"கல்யாணம் ஆகியும் நூலு சுத்திக்கினு கீறேனே, எனக்கு இன்னா பேரு வச்சிக்கிறாங்க?"

டெக்ஸ்ட்

டெக்ஸ்ட் என்றாலே லத்தீனில் நெய்தது; டெக்ஸ்டைலும் டெக்ஸ்ட் புக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சொல்லும்போது என் மெல்லிய குரல்கூட உயர்ந்துவிட்டது. அவர் பாடப் புத்தகத்தை வாங்கி, சேலை பார்ப்பதுபோல இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"இம்மாம் நாளா இதுக்கா பயந்துக்கினு இருந்தேன்? எவனோ நம்மாளு நெய்ஞ்சதுதானே."

பரீட்சை

ஏகாம்பரம் தொங்கின முகத்தோடு ஹாலைவிட்டு வெளியே வந்தார். ஐந்து வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டிருந்தார்களாம். முதல் வார்த்தை லைன். அது லினன் நூலிலிருந்து பிறந்ததாக நான் சொல்லியிருந்த கதையை ஒரு பக்கத்துக்கு எழுதியதில், கடைசிக் கேள்விக்கு நேரமில்லாமல் போயிற்று. எல்லாம் என்னால் வந்த வினை. திடீரென்று ஒன்று உறைத்தது. "அந்தப் பக்கம் முழுக்க இங்கிலீஷிலா எழுதினீங்க?"

"பின்ன, இங்கிலீஷ் பரீட்சைல தமிழ்லயா எழுதுவாங்க?"

ரிசல்ட்

பேப்பரில் அவர் நம்பர் இருந்தது. நான் மூன்று முறை விரல் வைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். நான் துள்ளாத குறை. கன்னியம்மா தறியைக் காட்டினார்.

"பாஸானது சந்தோசம் மாஸ்டர், பாதி சேலை அப்டியே கெடக்குது, அத்த யாரு நெய்யறது?"

ஆகவே சகோதரர்களே, அர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதையும் சொன்னால் மாணவன் தேறிவிடுவான், ட்யூஷன் போய்விடும்.