தமிழ் பேசக்கூடாத வகுப்பு

பிரவுசிங் சென்டரில் விளம்பரம் பார்த்து, வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். கடைசியில் பரிசோதகர் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் ஃபெயில்.

திருத்தங்கலில் ஒரு வாடகைக் கட்டடம். லீவு நாளில் இலவசமாகக் கற்க வந்த தீப்பெட்டி ஆலைப் பெண்கள்தான் என் மாணவிகள். நான் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லப் பழக்கியிருந்தேன்.

பரிசோதகர் வந்த அன்று, பாதிப் பாடத்தில், அவர்களுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தேன். பக்கத்துப் பட்டாசு குடோனிலிருந்து புகை. வெடிமருந்து வாடை பழகிப்போனதால் யாரும் திரும்பவில்லை.

“கோ அவுட்!” என்றேன்.

“கோ அவுட்!” என்றார்கள் கோரஸாக.

“ரன்!”

“ரன்!”

பரிசோதகர் தலையாட்டியபடி மார்க் போட்டார்.

“ஏ பிள்ளைகளா, குடோன் தீப்பிடிச்சிருச்சு, வெளிய ஓடுங்க!” என்று கத்தினேன்.

எல்லாரும் ரோட்டைத் தாண்டியதும் வெடித்தது. எங்கள் அறைக்குப் பின்சுவர் இல்லை.

“மொதல்லயே தமிழ்ல சொல்ல வேண்டியதுதான டீச்சர்?” என்றாள் மாணவி முத்துமாரி.

என் கையில் இன்னும் சாக்பீஸ் இருந்தது.

வேறொரு நாளில் பாடம் நடத்தித் தேறினேன். இப்போது மஸ்கட்டில் வேலை. ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் வேலையாக, ‘வெளியே ஓடுங்கள்’ என்பதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல, நான் திருப்பிச் சொல்கிறேன்.