பாதிக் கம்பத்தில் லண்டன் கொடி

வெள்ளைக்காரனைத் திட்டாமல் என் அப்பாவுக்குச் சோறு இறங்காது. நாங்கள் இருந்ததோ டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற சிறிய ஊரில். சுற்றிலும் வெள்ளைக்காரர்தான். ஆனால் அவர்கள் அப்பாவின் கணக்கில் வரமாட்டார்கள். வெள்ளைக்காரன் என்றால் அவருக்குப் பிரித்தானியாக்காரன் மட்டும்தான். மலையை எல்லாம் தேயிலைத் தோட்டமாக்கியவன், எங்கள் தீவை ஒரே பொட்டலமாகக் கட்டி யாரிடமோ கொடுத்துவிட்டுக் கப்பலேறியவன், எங்கள் சண்டைக்கெல்லாம் விதை போட்டவன் என்று சாப்பாடு முடியும்வரை வழக்கு நடக்கும். முடிந்ததும் பால் விட்ட தேநீர் கேட்பார். அதுவும் அவன் பழக்கிவிட்டுப் போனதுதானே என்று அம்மா ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அப்பா முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அப்படிப்பட்ட அப்பா ஒரு சனிக்கிழமை காலை எங்கள் தோட்டத்தில் பிரித்தானியக் கொடியை ஏற்றினார்.

லண்டனிலிருந்து மாமி வருகிறார் என்பதுதான் காரணம். மாமி அப்பாவின் ஒரே அக்கா. நான் அவரைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். லண்டனில் அவருடைய அகதி வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. அதுவரை அவரால் நாட்டை விட்டு அசைய முடியவில்லை. கடைசியில் ஒருவழியாகக் குடியுரிமை கிடைத்து, கைக்குக் கடவுச்சீட்டு வந்ததும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். டென்மார்க்கில் அநேக வீடுகளில் கொடிக்கம்பம் உண்டு. பிறந்தநாள் வந்தாலும் விருந்தாளி வந்தாலும் கொடி ஏற்றுவார்கள். நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடும் ஒரு கம்பம் வந்திருந்தது. அப்பா அதற்காகவே பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் பந்தாட்டச் சாமான் விற்கும் கடையில் அந்த லண்டன் கொடியை வாங்கி வந்திருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வேறு நாட்டுக் கொடியைக் கம்பத்தில் ஏற்றுவதென்றால் பொலிஸாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியை வகுப்பில் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் குடியுரிமை விண்ணப்பமும் கிடப்பில் இருந்தது. அது கிடைக்கும்வரை ஒரு பிழையும் விடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆளரவமில்லாத தெருவில்கூடச் சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்போம். பகலிலும் என் சைக்கிளில் விளக்கு எரியும். ஒரு சின்னப் பிழை போதும், எங்களைப் பெட்டியோடு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

"அப்பா, இது சட்டப்படி பிழை. பொலிஸிட்டக் கேக்கவேணும்."

"எங்களை நூற்றைம்பது வருஷம் ஆண்டவன் ஆரிட்டக் கேட்டவன்?" என்றார் அப்பா, கயிற்றை இழுத்தபடி.

கொடி பாதிக் கம்பத்தோடு நின்றுவிட்டது. கயிறு எங்கேயோ இறுகிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பிலுண்ட் விமான நிலையத்துக்கு நேரமாகிவிட்டதால், "வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு அப்பா காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் யன்னலடியில் காவல் இருந்தேன். எந்தக் கார் வந்தாலும் பொலிஸ் கார் மாதிரியே இருந்தது. அடுத்த வீட்டுத் தாத்தா வெளியே வந்தார். ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொடி விஷயத்தில் மிகவும் கறாரானவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் கம்பத்தையே பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போனார். பொலிஸுக்குத் தொலைபேசி எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். குசினிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பா வரட்டும் பிள்ளை. எனக்கு இஞ்ச எண்ணெய் கொதிக்குது" என்றார் அம்மா.

மாமி கறுப்புக் கோட்டோடு காரிலிருந்து இறங்கினார். அத்தனை வருடம் கழித்துச் சந்தித்த அக்காவும் தம்பியும் காலநிலையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தார்கள். லண்டனிலும் இதே மழைதானாம். வாசலில் செருப்புத் தட்டு காலில் இடிபட, மாமி அதனிடம் "சொறி" என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். பிறகு கம்பத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"உதென்னடா தம்பி, பாதியில நிக்குது?"

"கயிறு இறுகிப்போச்சு அக்கா."

எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. பொலிஸார் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன். அடுத்த வீட்டுத் தாத்தா தனியாக நின்றார். கறுப்புச் சூட் அணிந்திருந்தார். கையில் வெள்ளைப் பூக்கள். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். கொடியைப் பார்த்தோம், இங்கிலாந்திலிருந்து உறவினர் வந்ததையும் பார்த்தோம், உங்கள் துக்கத்தில் நாங்களும் சேர்கிறோம் என்று டேனிஷில் மெதுவாகச் சொன்னார். அவருடைய தோட்டத்திலும் கொடி பாதிக் கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் கொடி பாதியில் நின்றால் அது இழவு வீடு. எந்த நாட்டுக் கொடி என்ற பயத்திலேயே இருந்த நான், அது பாதியில் நிற்பதன் அர்த்தத்தை யோசிக்கவே இல்லை.

இறந்தவர் யார் என்று கேட்கலாமா என்றார் தாத்தா. அப்பாவுக்கு டேனிஷ் நன்றாகவே தெரியும். கயிறு சிக்கிக்கொண்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் சிரித்திருப்போம். ஆனால் அப்பா அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?" என்று மாமி என்னைக் கேட்டார்.

"எங்கட வீட்டில ஆரோ செத்திட்டினம் எண்டு நினைச்சுப் பூ கொண்டுவந்திருக்கிறார். ஆர் எண்டு கேக்கிறார்."

மாமி அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"அம்மா எண்டு சொல்லு" என்றார் மாமி.

அவர்களுடைய அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்து ஆறு வருடமாகியிருந்தது. அகதிக் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போக முடியாமல் அப்பா இங்கே இருந்தார். எந்தப் பத்திரமும் இல்லாமல் மாமி லண்டனில் இருந்தார். கொள்ளி வைத்தது ஊரிலிருந்த யாரோ தூரத்து உறவு. செய்தி வந்த அன்று அப்பா வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கதை முழுவதும் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அது வெறும் கதைதான்.

"மாமி, அவ செத்துக் கனகாலமெல்லே?" என்று கிசுகிசுத்தேன்.

"எப்ப எண்டு அவர் கேக்கேல்லைத்தானே. சொல்லு பிள்ளை."

சொன்னேன். தாத்தா பூக்களை மாமியிடம் கொடுத்தார். அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். கூடத்தில் வந்து உட்கார்ந்து, அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, தலையைக் குனிந்தபடி போனார்.

கதவு சாத்தியதும் மாமி "என்ர அம்மா" என்று ஒரு குரல் வைத்தார். அப்பா அவர் காலடியில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து இருவரையும் கட்டிப்பிடித்தார். அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தம் வெளியே கேட்டுவிடுமே என்று நான் யன்னல்களைச் சாத்தித் திரைச்சீலைகளையும் இழுத்துவிட்டேன். அனுமதி இல்லாத கொடி ஒன்று, இப்போது அயலவருக்குப் பொய்யும் சொல்லியாகிவிட்டது. சொன்னது பொய்யாக இருந்தும், இவர்கள் எப்படி இவ்வளவு உண்மையாக அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.