மூன்று எதிர்காலமும் ஜமால் பாயும்

இன்னும் முப்பது வருஷம் கழித்துக் காவிரி டெல்டா எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். எதிர்காலம் சொல்பவளாயிற்றே, வாசலில் கூட்டம் நிற்கும் என்று நினைக்காதீர்கள். கெட்ட சேதி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் யாராவது இதைப் படித்தால் அவருக்குத் தெரியும், நம்மைக் கண்டதும் எத்தனை பேருக்கு அவசர வேலை வந்துவிடுகிறது என்று.

மூன்றாவது மூலை

மயிலாடுதுறைக் கல்யாண மண்டபம் ஒன்றில் விவசாயிகள் கூட்டம். ஆற்றுத்தண்ணீர் ஒழுங்காக வந்தால் ஒன்று, தாமதமானால் இரண்டு, கடல் உப்பு நிலத்தடியில் ஏறினால் மூன்று என்று மூன்று எதிர்காலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை. பிரிந்து உட்கார்ந்து, அந்தக் காலம் வந்தால் என்ன பயிர் வைப்பீர்கள் என்று பேச வேண்டும். அதுதான் எங்கள் முறை. முதல் மூலையில் நாற்காலி போதவில்லை. மூன்றாவதில் நான் மட்டும். பூதலூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். “அங்க வந்து உக்காந்தா நாங்களே அதை வரவழைச்ச மாதிரி ஆயிடும் மேடம். நீங்க இருங்க” என்றார்.

துணைக்கு வந்தவர்

கடைசியில் ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடலோரக் கிராமத்தில் உரக்கடையும் கொஞ்சம் நிலமும் வைத்திருக்கும் ஜமால் பாய். மனைவி இறந்துவிட்டார். துபாயில் இருக்கும் ஒரே மகன், ஊருக்கே வந்து விவசாயம் பார்க்கட்டுமா என்று கேட்கிறானாம். பேச ஒரு ஆள் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். அவருக்கு வேண்டியது வேறு. “எங்க ஊருக்கு மட்டும் தனியாப் பாத்துச் சொல்லுங்கம்மா. அதை வச்சுத்தான் அவனுக்குப் பதில் சொல்லணும்.”

உப்பு

தஞ்சாவூர் ஆபீசில் அவர் ஊர்க் கணக்கை ஓட்டினேன். முதலாவதில் மட்டும்தான் நெல் தேறுகிறது. மற்ற இரண்டிலும் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது; கடலோரம் என்பதால் ஆற்றுத்தண்ணீர் தாமதமானாலே உப்பு ஏறிவிடுகிறது. எங்கேயாவது என் தப்பு இருக்காதா என்ற ஆசையில் மறுபடியும் ஓட்டினேன். கணக்கு அசையவில்லை. சென்னையில் இருக்கும் மேலதிகாரியிடம் போனில் சொன்னேன். “ஆத்துத் தண்ணி கடைசியா போய்ச் சேர்ற கடைமடையில வேற என்ன வரும்? ரிப்போர்ட்டை அனுப்பிட்டு அடுத்த ஊரைப் பாருங்க.”

பதில்

ரிப்போர்ட் அனுப்ப மனம் வரவில்லை, பாய் வீட்டுக்கே நேரில் போனேன். அவர் ஊர் வரைபடத்தை விரித்து மூன்று எதிர்காலங்களையும் சொன்னேன். முதலாவது வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். பெரிய வீடு, என் குரலைத் தவிர அங்கே வேறு சத்தமே இல்லை. பிறகு பாய் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். “மூணுல ஒண்ணு நல்லாயிருக்காம்டா. கெளம்பி வா.”

மூன்றில் ஒன்று என்றால் அப்படி அர்த்தமில்லை பாய் என்று திருத்துவதுதான் என் வேலை. ஆனால் பேச ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.