கடப்பாரையின் இடது கை

அந்தச் சரக்குக் கிடங்கில் லாரிகள் வரிசை தவறாமல் உள்ளே போவதற்கு ஊழியர்களின் ஒழுங்குணர்ச்சியே காரணம் என்று நிர்வாகம் ஆண்டறிக்கையில் எழுதியது. உண்மையான காரணம் ஆறடி இரண்டங்குல உயரத்தில் வாசலில் நின்றது. அவரைக் கடப்பாரை என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் மூன்று தாடைகளையும் ஒரு முழங்காலையும் எண்ணிக்கைக்கு வராத மூக்குகளையும் உடைத்திருக்கிறார். அத்தனையும் வரிசையை மீறியவர்களுடையவை. வரிசையில் நின்றவனை விரலால்கூடத் தொட்டதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

இந்த மனிதர் ஏழு மாதமாகப் பதினைந்து நாளுக்கொரு முறை ரத்த வங்கிப் படுக்கையில் சாதுவாகப் படுத்துத் தட்டணுக்கள் கொடுத்து வந்தார். பதினொரு வயதான அக்கா மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து நோயோடு சேர்த்து, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களையும் கொன்றது. அவை குறைந்தால் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் நிற்காமல் கசியும். மாமனுக்கும் மருமகளுக்கும் ஒரே ஓ நெகட்டிவ். ஊசி வழியாகப் போகும் ரத்தத்தை இயந்திரம் சுழற்றி, தட்டணுக்களை மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு பையில் பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சில்லென்று அதே கைக்குத் திருப்பி அனுப்பும். ஒன்றரை மணி நேரம். உதடு மரத்துப்போகும். ஊசியைப் பார்க்கப் பயந்து அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அடுத்தவன் மூக்கிலிருந்து ஒழுகுவதைப் பார்க்கும்போது இந்தப் பயம் வந்ததில்லை.

வலது கை நரம்பைப் பழைய கத்திக்குத்து ஒன்று கெடுத்திருந்தது. ஊசிக்கு இடது கைதான். ஆகவே ஏழு மாதமாக அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, பள்ளி ஆய்வாளர் போல நின்று, வலது கையால் மட்டும் அடித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாடிக்கார ஓட்டுநர் ஒருவன் லாரியை வரிசைக்குக் குறுக்கே நுழைத்தான். கடப்பாரை கதவைத் திறந்து அவனை இழுத்துப் போட்டார். விழுந்தவன் எழும்போது கையில் ஜாக்கி ராடு இருந்தது. முதல் வீச்சு இடது முழங்கைக்கு வந்தது. எவனும் கையை உயர்த்தித் தலையைக் காப்பான். இவர் தலையைத் தாழ்த்திக் கையைக் காத்தார். ராடு தோளில் இறங்கியது. இரண்டாவது வீச்சு வலது சுண்டுவிரலை முறித்தது. மூன்றாவதற்கு முன் அவருடைய நெற்றி அவன் முகத்தில் மோதியது. இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன. பிறகு அவனுடைய லாரியை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். நாற்பது லாரிகளுக்குப் பின்னால். மூன்று நாளைக்குப் புதிதாக வரும் லாரிகளும் அவனுக்கு முன்னால்தான். சட்டம் சட்டம்தான்.

"ஒரு மாத்திரை போடுண்ணே, கை பூசணி மாதிரி வீங்குது," என்றார் கிடங்கில் லாரிகளை எடைபோடும் எடைமேடைக்காரர்.

"வியாழக்கிழமை ஊசி. வலி மாத்திரை போட்டா தட்டணு வேலை செய்யாதாம். வாய மூடு."

வியாழன் காலை ரத்த வங்கியில் நர்சம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "மூணு நாளா மாத்திரை ஏதும் போடலையே?"

"இல்லம்மா."

துணைக்கு வந்திருந்த எடைமேடைக்காரர் குறுக்கிட்டார். "அண்ணன் போடல. போடவும் மாட்டாரு. நான்தான் நேத்து ரெண்டு ஆஸ்பிரின நுணுக்கி டீயில கலந்து கொடுத்தேன். பாவம், மனுசன் பல்லக் கடிச்சிட்டு நின்னாரு."

நர்சம்மா பேனாவை மூடினார். கடப்பாரை எழுந்து ஒரே ஒரு அறை விட்டார். எடைமேடைக்காரர் எடை பார்க்கும் கருவியோடு சேர்ந்து விழுந்தார்.

"இங்க அடிக்கக் கூடாது," என்றார் நர்சம்மா. "பாப்பாவுக்குத் தட்டணுக் கணக்கு எட்டாயிரத்துக்கு இறங்கிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள ஏத்தலைன்னா மூளைக்குள்ள கசிஞ்சிரும். இதே வகை கொடுக்கறவங்க பட்டியல்ல இருந்த ரெண்டு பேருல ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தர் ஊர்ல இல்ல."

தரையிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, லைசென்ஸுல ரத்த வகை போட்டிருப்பானே. நம்ம பெட்டியில நாப்பது கெடக்குது."

உள்ளே வரும் ஓட்டுநர்கள் முறை வரும்வரை உரிமத்தை வாசலில் கொடுத்துவைப்பது கிடங்கின் வழக்கம். அரை மணியில் கடப்பாரை பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். ஓ நெகட்டிவ் ஒன்றே ஒன்று. படத்தில் தாடி இருந்தது. பற்களும் இருந்தன.

வரிசைக் கடைசியில் தாடிக்காரன் சக்கரத்தில் சாய்ந்திருந்தான். கடப்பாரையைக் கண்டதும் ராடை எடுத்தான். இவருக்கோ ஒருவரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. ராடு காதை உரசிப் போனது. அவர் குனிந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கி, டயர்மேல் போட்டார், வயிற்றில் இரண்டு முறை குத்தினார், மார்பில் ஏறி உட்கார்ந்தார். அவனுடைய முழங்கைகளை மட்டும் முட்டை போலப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"இத மொதல்ல சொல்றதுக்கு என்னடா கேடு?" என்றான் அவன், கீழேயிருந்து.

ரத்த வங்கியில் நர்சம்மா கடப்பாரையை வெளியே அனுப்பிவிட்டுப் படிவத்தை நிரப்பினார். "மாத்திரை ஏதாவது?"

"அடி வாங்கினதுக்கா? இன்னும் போடல."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"பின்ன? மாட்டத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்தான்."

"அப்ப எடுக்க முடியாது. நீங்க போகலாம்."

தாடிக்காரன் போனான். வாசலில் நின்ற கடப்பாரை அவனைப் பார்த்ததும் முஷ்டியை மடக்கினார், பிறகு விரித்தார், பிறகு இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டார். தாடிக்காரன் தெருவைக் கடந்து, குழாயில் வாய் கொப்புளித்து, சிவப்பாகத் துப்பி, திரும்பி வந்தான்.

"இப்ப நானா வரேம்மா, எழுதிக்குங்க," என்றான் நர்சம்மாவிடம். "அவன் மட்டும் உள்ள வந்தான்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

ரத்தத்தைச் சோதித்து, படுக்க வைத்து, எடுத்து முடிக்க நான்கு மணி நேரம் ஆனது. கடப்பாரை வெயிலில் நின்றார். தாடிக்காரன் முழங்கையில் பஞ்சோடு வெளியே வந்தான். நன்றி சொல்ல இவர் வலது கையை உயர்த்தினார். அவன் சட்டென்று குனிந்து தலையை மறைத்துக்கொண்டான்.

பை, பாப்பா படுத்திருந்த மூன்றாம் மாடிக்குப் போனது. விளக்கேற்றும் நேரத்தில் அக்கா படியிறங்கி வந்து, மகள் துப்பிய கிண்ணத்தைத் தம்பியின் முகத்தருகே பிடித்தாள். வெறும் எச்சில், சிவப்பே இல்லை. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.