மாடியில் நின்ற அக்கா

இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோல் கணினியில் படம் போட்டுக் காட்டுவது என் பிழைப்பு. வீடு கட்டுகிறவர்கள் அதைப் பார்த்துச் சரி என்பார்கள், இல்லையென்றால் என் உயிரை வாங்குவார்கள். ஆபீஸில் எனக்குச் 'சாயங்காலம்' என்று பெயர். எந்தக் கட்டடத்தைக் கொடுத்தாலும் மஞ்சள் வெயிலில் முக்கி எடுத்துவிடுவேன். பல் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக்கூட அந்த வெயிலைத்தான் போட்டேன். தேனிலவு விடுதி மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள்.

குறை சொன்னால் எனக்கு ஆகாது. "நல்லாருக்கு, ஆனா..." என்று ஒருவர் இழுத்தாலே என் காது அடைத்துக்கொள்ளும். அடுத்தவர் படம் என்றால் மட்டும் பிய்த்து உதறுவேன். பக்கத்து மேசைப் பெண் தன் படத்தைக் காட்டுவதற்கு முன், "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். பாசமெல்லாம் இல்லை. பசியோடு இருந்தால் இன்னும் கடிப்பேனாம்.

எங்கள் ஆபீஸை நடத்தும் ஆர்க்கிடெக்டை எல்லோரும் மேடம் என்போம். போன மாதம் என் அடுக்குமாடிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "கையில கப்போட நிக்கிறாளே, இந்தப் பொண்ணு எப்படி இங்க வந்தா?"

"பால்கனி மேடம். படத்துக்கு உயிர் வேணும்ல?"

"அது பால்கனி இல்ல, ஜன்னலுக்கு மேல வர்ற சன்ஷேடு. இன்னும் ஒரு அடி வெச்சான்னா அவ உயிர் போயிடும்."

ஆபீஸே சிரித்தது. நான் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்காவின் வீட்டுப் படம் என் கைக்கு வந்தது. அக்காவும் மாமாவும் காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்துவிட்டுக் கட்டப்போகிற ஒரே வீடு. பிளான் மேடம் போட்டது, படம் என்னுடையது. இருவரும் படத்தைப் பார்த்துச் சரி என்றால் அடுத்த வாரம் அஸ்திவாரம். "உங்க அக்காவுக்கு என்ன வேணும்னு நல்லாக் கேட்டீங்களா?" என்றார் மேடம். "எங்கக்காவைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றேன். அக்கா ஒருமுறை போனில், "கீழ ஒரு சின்ன ரூம் இருந்தா..." என்று ஆரம்பித்தாள்தான். "ஐயோ, முகப்பு செத்துடும்க்கா!" என்றேன். "சரிப்பா" என்று விட்டுவிட்டாள். இப்படி நாலு கிளையன்ட் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் என் வாடகை வீட்டுக்கு அவள் வந்து வெகுநாளாகிவிட்டது. எப்போது கூப்பிட்டாலும் "பார்க்கலாம்டா" என்பாள். சொந்த வீடு வரப்போகிறதே, தம்பி வீடு இளப்பமாகிவிட்டது என்று மனைவியிடம் பொருமுவேன். அவள் குனிந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். "கார் நம்ம கலர் இல்லையே" என்றார் மாமா. பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்காவுக்காக ஓர் ஆச்சரியம் வைத்திருந்தேன். ஒரு போட்டோவிலிருந்து அவளையே வெட்டியெடுத்து, மாடிப் படுக்கையறை பால்கனியில் மஞ்சள் வெயிலில் நிறுத்தியிருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நல்லாருக்குடா. ஆனா, நான் எப்படி மேல போனேன்?"

"கிரேன் வெச்சுத் தூக்கியிருப்பான்" என்று சிரித்தார் மாமா. அக்கா சிரிக்கவில்லை.

"படிக்கட்டு உள்ள இருக்குக்கா. படத்துல தெரியாது."

"படிக்கட்டு இருக்கட்டும். என் முட்டி?"

"முட்டிக்கு என்ன? சொல்லவே இல்லையே நீ!" பழக்கதோஷத்தில் குரல் ஏறியது.

"கீழ ரூம் கேட்டேனே."

"முட்டி வலின்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எதையாவது சொன்னா நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவே. இப்பவே பாரு."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். தூக்கித்தான் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இந்த லட்சணத்தில் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று மேடத்திடம் அளந்துவிட்டு வந்திருக்கிறேன்.

மவுஸைப் பிடித்து அக்காவைப் பால்கனியிலிருந்து கீழே இழுத்தேன். கதவும் இல்லாமல் ஜன்னலும் இல்லாமல் ஒரு மொட்டைச் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இங்க ரூம் போட்டுரலாம்க்கா. நாளைக்கே மேடம்கிட்ட சொல்றேன்."

"முகப்பு செத்துடுமே?"

"செத்தா சாகட்டும். வேற என்ன குறை இருந்தாலும் இப்பவே சொல்லிடு."

"கோவிச்சுக்கமாட்டியே?"

"மாட்டேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"உன் வீட்டுல லிஃப்ட் இல்லையேடா. நான் வந்தா கீழ்ப்படியிலயே உக்காந்துக்குவேன். உன் பொண்டாட்டி இறங்கி வந்து பேசிட்டுப் போவா. உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."