புல்லட்டின் நனைந்த துண்டு

திங்கட்கிழமை காலை எங்கள் சிகிச்சை மையத்துக்கு நான் போனபோது, பழனிசாமி அண்ணனும் சாந்தியக்காவும் எனக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார்கள். நாய்களுக்குப் பிசியோதெரபி கொடுக்கும் இடம் இது. கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனின் கையில் ஒரு பிளாஸ்டிக் கிரேட். அதற்குள் துண்டின் மேல் புல்லட் படுத்திருந்தது. குட்டைக் காலும் நீள முதுகும் கொண்ட டாஷண்ட் நாய். சோபாவிலிருந்து குதித்ததில் முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி, ஆபரேஷன் முடிந்து, பின்னங்கால்கள் செயலற்ற நிலையில் எங்களிடம் வந்திருந்தது.

"ஏனுங்க அம்மணி, நல்ல சேதிங்க," என்றார் அக்கா. "ஒண்ணுக்குத் தானாப் போகுதுங்க. வெள்ளிக்கிழமையில இருந்து துண்டு நனைஞ்சுட்டே இருக்குது. நேர்ல சொல்லோணும்னுதான் போன் பண்ணலீங்க."

"பெரியவன் பொறந்தப்பக்கூட இவ மூஞ்சில இத்தன சிரிப்பு இல்லீங்க," என்றார் அண்ணன்.

நானும் சிரித்துக்கொண்டே புல்லட்டின் அடிவயிற்றில் கை வைத்தேன். மூத்திரப்பை பெரிய மாங்காய்போல் விறைத்திருந்தது.

இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்ட நாய்க்குக் கால் மட்டும் போவதில்லை. மூத்திரப்பை நிறைந்தாலும் பல நாய்களால் தானாக வெளியேற்ற முடியாது. வேளாவேளைக்கு யாராவது அடிவயிற்றை அமுக்கி வெளியேற்ற வேண்டும். விட்டுவிட்டால் பை நிரம்பி, தாங்காமல் கசியும். பார்ப்பவர்களுக்கு நாய் தானாகப் போவதுபோலத் தோன்றும்.

"கடைசியா எப்பங்க்கா அமுக்கினீங்க?"

"அதான் தானாப் போகுதுங்களே. அமுக்குனா முனகுதுங்க, பாவம். வெள்ளிக்கிழமையோட விட்டுப்போட்டேன்."

மாடியில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் டியூப் செருகியதும் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர் வந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை.

"இன்பெக்‌ஷன் கிட்னி வரைக்கும் போயிருக்கும்," என்றார் டாக்டர். "டிரிப்ஸ் போட்டுப் பாக்கலாம்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தானாப் போச்சுன்னா நரம்பு வேலை செய்யுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். நாங்கள் சொல்லும்வரை அமுக்குவதை நிறுத்தக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். இரண்டும் சரியான வாக்கியங்கள்தான். நம்பிக்கை தரும் வாக்கியம் மட்டும் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. எதை முதலில் சொன்னேன், எதை அழுத்திச் சொன்னேன் என்று எத்தனை யோசித்தும் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

எனக்குக் கைக்குழந்தை இருக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் டயப்பரைத்தான் தொட்டுப் பார்ப்பேன். நனைந்திருந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது என்று நிம்மதி. பிள்ளை வளர்த்த யாருக்கும் ஈரம் நல்ல அறிகுறிதான். சாந்தியக்கா இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். அவர் அசட்டையாக இருக்கவில்லை. நனைய நனையத் துண்டு மாற்றி, வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டிருக்கிறார். புல்லட்டின் தோலில் ஒரு சின்னப் புண்கூட இல்லை.

கால் பயிற்சிகளை நிறுத்திவிட்டோம். புதன்கிழமை புல்லட் தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தது. ரத்தப் பரிசோதனையில் கிட்னி அளவுகள் ஏறிக்கொண்டே போயின. வியாழக்கிழமை மதியம் அது இறந்தபோது அக்கா அதன் முன்னங்கால்களை நீவிக்கொண்டிருந்தார். அங்கே தொட்டால்தான் அதற்குத் தெரியும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேட்டார். "அமுக்கியிருந்தா பொழைச்சிருக்குமாங்க அம்மணி?"

டிஸ்க் கேஸில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எங்கள் தொழிலில் ஒரு பதில் உண்டு. அது வாய்வரை வந்தது.

"கால் வந்திருக்குமான்னு தெரியலீங்க்கா. அனேகமா உசுரோட இருந்திருக்கும்."

"இத இப்ப சொல்லித்தான் ஆகோணுமாங்க?" என்றார் அண்ணன்.

"நாந்தானுங்க கேட்டேன். நீங்க சும்மா இருங்க," என்றார் அக்கா.

அவர்கள் கிரேட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் சொன்னது சரியா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பொய் சொல்லியிருந்தாலும் இதே அளவுக்குத்தான் கேட்டிருப்பேன்.

இப்போதெல்லாம் முதல் நாளே, வீட்டில் யார் அமுக்கப்போகிறாரோ அவருடைய கையைப் பிடித்து நிறைந்த பையின் மேல் வைக்கிறேன். அமுக்கிக் காலியான பின் மறுபடியும் வைக்கிறேன். வித்தியாசம் அந்தக் கைக்குப் புரியும்வரை வேறு எதையும் ஆரம்பிப்பதில்லை. சிலர் சலித்துக்கொள்கிறார்கள். போன வாரம்கூட ஒருவர், "நடக்க வெக்கத்தானுங்க கூட்டிட்டு வந்தோம், நீங்க வயித்தையே தடவச் சொல்றீங்க," என்றார்.

"கால் அப்பறமுங்க," என்றேன். "இன்னொருக்கா கை வெச்சுப் பாத்துச் சொல்லுங்க, நெறஞ்சிருக்குதா, இல்லையா?"